வாளியில் கிளம்பும் விஷப் புகை!

2019-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி. மாலை நேரம்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பர்லிங்டன் என்று ஓர் ஊர். அங்கே ஓர் ஓட்டல். சமையல் அறைத் தரையில் ஒரு மருந்து சிந்திக் கிடந்தது. அது கறை போக்கும் ஆசிட்.

சற்று நேரம் கழித்து ஓர் ஊழியர் தரையைக் கழுவ வந்தார். அவர் ஊற்றியது வேறு மருந்து. அது குளோரின் சேர்ந்த மருந்து.

அவ்வளவுதான்! தரை பச்சை நிறம் ஆயிற்று. நுரை பொங்கியது. புகை கிளம்பியது. ஊழியருக்குக் கண் எரிந்தது, மூச்சு முட்டியது. அவர் வெளியே ஓடினார்.

ஓட்டலின் மானேஜர் இளைஞர். "மற்றவர்களுக்கு ஆபத்து வரக்கூடாதே" என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு வைப்பரை எடுத்து அந்த நுரையை வெளியே தள்ளப் பார்த்தார். புகை அவருடைய நெஞ்சுக்குள் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பயன் இல்லை. அவர் இறந்து போனார். பத்துப் பேருக்கு மேல் சிகிச்சை பெற வேண்டியதாயிற்று.

இரண்டு மருந்தும் தனித் தனியே நல்ல மருந்துகள்தான். கடையில் விற்பவைதான். ஒன்றோடு ஒன்று சேர்ந்ததுதான் வினை.

அங்கே அவை சேர்ந்தது தரையில். நம் வீடுகளில் அவை சேரும் இடம் எது தெரியுமா? வாளி!

ஒரே வாளி, ஒன்பது வேலை

பண்டிகைக்கு முன்னால் வீடு கழுவும் நாளை நினைத்துப் பாருங்கள். வீட்டில் ஒரு பழைய வாளி இருக்கும். அதில் ஆசிட்டைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து, கக்கூசில் ஊற்றித் தேய்ப்பார்கள். மஞ்சள் கறை போய்விடும். பிறகு அதே வாளியில் இரண்டு கை பிளீச்சிங் பவுடரைப் போட்டுத் தண்ணீர் பிடிப்பார்கள். குளிக்கும் அறைப் பாசி போக வேண்டும் அல்லவா? அதற்குப் பிறகு, அதே வாளியில் பினாயில். கூடம் துடைக்க வேண்டும். மறுநாள் அதே வாளியில் குழந்தையின் துணி ஊறும்.

வாளி பார்ப்பதற்குக் காலியாகத்தான் இருக்கும். ஆனால் அடியில் ஒரு கரண்டி ஆசிட் நிற்கும். விளிம்பின் மடிப்பில் நாலு சொட்டு ஒளிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத கிருமி கோடிக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த வேலைக்கு வாளி போகும்போது, இவையும் கூடவே போகும்.

ஆகவே வாளியினால் வரும் தொல்லை இரண்டு வகை. ஒன்று, மருந்தோடு மருந்து சேர்ந்து வரும் விஷப் புகை. மற்றொன்று, அழுக்கு இடத்துக் கிருமி சுத்தமான இடத்துக்குச் சவாரி போவது. முன்னது நிமிடத்தில் ஆளைக் கவிழ்க்கும். பின்னது சத்தம் இல்லாமல் வந்து வீட்டில் எல்லோரையும் பேதியில் படுக்க வைக்கும்.

காப்பாற்றியதும் அதுவே, கொன்றதும் அதுவே

பிளீச்சிங் பவுடருக்குள் இருக்கும் சரக்கின் பெயர் குளோரின். இது ஒரு வாயு. நிறம் பச்சை கலந்த மஞ்சள். 1774-ம் ஆண்டில் சுவீடன் நாட்டைச் சேர்ந்த ஷீலே என்ற ரசாயன அறிஞர் இதை முதலில் தயாரித்தார். எப்படித் தயாரித்தார்? ஆசிட்டைக் கொண்டுதான்! மாங்கனீசுத் தாதுவின் மேல் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை ஊற்றினார். வாயு வந்தது.

இந்த வாயு துணியை வெளுக்கும் என்று பிறகு தெரிந்தது. ஆனால் வாயுவை மூட்டை கட்டி விற்க முடியுமா? ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரில் சார்லஸ் டென்னன்ட் என்பவர் ஒரு வழி கண்டுபிடித்தார். நீற்றிய சுண்ணாம்பில் குளோரினை ஏற்றி, தூளாக்கிவிட்டார். 1799-ம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். அதுதான் பிளீச்சிங் பவுடர். சுண்ணாம்புக்குள் சிறை வைக்கப்பட்ட குளோரின் என்று சொல்லலாம்.

இந்தத் தூள் எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. 1847-ம் ஆண்டில் வியன்னா நகரப் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு வந்த பெண்கள் காய்ச்சல் கண்டு இறந்துகொண்டிருந்தார்கள். அந்த ஏப்ரல் மாதத்தில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் இறந்தார்கள். இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் டாக்டர் காரணத்தைக் கண்டுபிடித்தார். டாக்டர்கள் பிணத்தை அறுத்துப் பார்த்துவிட்டு, அதே கையோடு பிரசவ அறைக்கு வந்தார்கள். கைதான் நோயைக் கொண்டு வந்தது! குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கையைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று அவர் உத்தரவு போட்டார். ஜூன் மாதத்தில் சாவு நூற்றுக்கு இரண்டாகக் குறைந்துவிட்டது.

இதே குளோரின், 1915-ம் ஆண்டு ஏப்ரல் 22-ந் தேதி வேறு முகம் காட்டியது. முதல் உலகப் போர் நேரம். பெல்ஜியத்தில் ஈப்பர் என்ற ஊருக்கு அருகே, ஜெர்மன் படை உருளை உருளையாகக் குளோரினைத் திறந்துவிட்டது. பச்சை மேகம் போல அது தரையோடு தவழ்ந்து வந்தது. பள்ளத்தில் பதுங்கியிருந்த சிப்பாய்கள் மூச்சுத் திணறி மாண்டார்கள்.

பிளீச்சிங் பவுடர் மேல் ஆசிட் பட்டால் நடப்பது என்ன? சுண்ணாம்புச் சிறை உடைகிறது. உள்ளே இருந்த குளோரின் வெளியே வருகிறது. போர்க்களத்தில் வந்தது உருளையில். இங்கே வருவது வாளியில். அளவு குறைவு. ஆனால் குளிக்கும் அறையும் சிறியது அல்லவா?

குனிந்தால் அதிக ஆபத்து

குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். மேலே போகாது. தரையோடு தங்கும். நம் ஊரில் கக்கூசும் குளிக்கும் அறையும் தேய்ப்பவர்கள் எப்படித் தேய்க்கிறார்கள்? குந்திக்கொண்டு, அல்லது குனிந்துகொண்டு! முகம் வாளிக்குப் பக்கத்தில் இருக்கும். கதவு சாத்தியிருக்கும். ஜன்னல் என்பது கையகலம். வாயு எங்கே தங்குமோ, அங்கேதான் மூக்கும் இருக்கிறது.

முதலில் கண் எரியும். மூக்கில் நீர் வரும். தொண்டை கமறும். இருமல் விடாது. "கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும், இன்னும் இரண்டு தேய்ப்புத் தேய்த்துவிட்டு வருகிறேன்" என்று உட்கார்ந்திருப்பவர்கள்தான் வம்பில் மாட்டுகிறார்கள். குளோரின் நெஞ்சுக்குள் ஈரத்தோடு சேர்ந்து ஆசிட் ஆகிவிடும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். சில பேருக்கு இது சில மணி நேரம் கழித்தே தெரியும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சிறிய அளவு போதும்.

எலுமிச்சையும் சேரக்கூடாது!

"எங்கள் வீட்டில் ஆசிட் வாங்குவதே இல்லை" என்று சிலர் சொல்லலாம். ஆசிட் என்று பெயர் எழுதிய பாட்டிலில் மட்டும்தான் ஆசிட் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். கக்கூஸ் கழுவ விற்கும் நீல நிற, சிவப்பு நிறத் திரவங்கள் பலவற்றில் அதே ஹைட்ரோகுளோரிக் ஆசிட்தான் இருக்கிறது. வினிகர் ஓர் ஆசிட். எலுமிச்சம் பழச் சாறு ஓர் ஆசிட். புளித்தண்ணீர் கூட ஆசிட்தான். பிளீச்சிங் மருந்தோடு இவை எதுவும் சேரக்கூடாது.

2020-ம் ஆண்டு, கொரோனா பரவிய நேரம். அமெரிக்காவில் ஒரு பெண்மணி காய்கறியைச் சுத்தம் செய்ய நினைத்தார். தொட்டியில் பிளீச்சிங் திரவத்தை விட்டார். வினிகரையும் விட்டார். வெந்நீரையும் விட்டார். ஒன்றுக்கு மூன்றாக இருந்தால் நல்லதுதானே என்று எண்ணம்! நெடி கிளம்பியது. மூச்சு இரைத்தது. ஆம்புலன்சைக் கூப்பிட்டார். ஆக்சிஜன் கொடுத்து, மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தும் கொடுத்தார்கள். நல்லவேளை, சில மணி நேரத்தில் குணமாகி வீடு திரும்பினார்.

அவர் ஒருவர் மட்டும் அல்ல. சுத்தம் செய்யும் மருந்தினாலும் கிருமி மருந்தினாலும் ஏற்பட்ட தொல்லைக்காக அந்த நாட்டு விஷ முறிவு நிலையங்களுக்கு வந்த அழைப்புகள், 2019-ம் ஆண்டின் முதல் மூன்று மாதத்தில் 37,822. அடுத்த ஆண்டு அதே மூன்று மாதத்தில் 45,550. மக்களுக்குச் சுத்தத்தில் அக்கறை கூடியது. மருந்தைக் கையாளும் அறிவு அதே அளவு கூடவில்லை.

அம்மோனியாவும் பிளீச்சிங் மருந்தோடு சேரக்கூடாது. அதிலிருந்து குளோரமின் என்ற வேறு ஒரு கெட்ட வாயு வரும். கண்ணாடி துடைக்கும் மருந்து சிலவற்றில் அம்மோனியா இருக்கிறது. நாள்பட்ட சிறுநீரிலும் அது உண்டு. குழந்தையின் ஈரத் துணியை நேராகப் பிளீச்சிங் தண்ணீரில் முக்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முதலில் வெறும் தண்ணீரில் நன்றாக அலசிவிட்டுப் பிறகு முக்கலாம்.

ஜப்பான் நாட்டில் 1980-களின் பின்பாதியில் இப்படி மருந்து கலந்து வீட்டுப் பெண்கள் இறந்தார்கள். அதன் பிறகு அங்கே பாட்டிலின் முகத்தில், கடைக்கோடியில் இருந்து பார்த்தாலும் தெரியும்படி, "கலக்காதே! ஆபத்து!" என்று பெரிய எழுத்தில் அச்சடிக்கத் தொடங்கினார்கள். நம் ஊர்ப் பாட்டில்களிலும் எச்சரிக்கை உண்டு. ஆனால் அது பின்பக்கத்தில், எறும்பு எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. அது யார் படிப்பதற்காக என்று தெரியவில்லை. பாட்டிலைத் திறக்கும் கைகளுக்குத் தெரிந்த மொழி தமிழ்.

இரும்பு வாளி ஏன் ஓட்டை ஆகிறது?

மருந்து மனிதரை மட்டும் தாக்குவது இல்லை. வாளியையும் தின்கிறது.

நம் பாட்டிமார் காலத்து இரும்பு வாளி சாம்பல் நிறத்தில் பளபளக்கும். அந்தப் பளபளப்பு இரும்பு அல்ல. மேலே பூசிய துத்தநாகம். துரு பிடிக்காமல் இரும்பைக் காப்பது அதுதான். அந்த வாளியில் ஆசிட்டை ஊற்றிப் பாருங்கள். வேண்டாம், ஊற்றாதீர்கள், சொன்னாலே போதும். சுர்ரென்று குமிழி வரும். அது ஹைட்ரஜன் வாயு; நெருப்புப் பட்டால் பற்றிக்கொள்ளும். துத்தநாகம் கரைந்து போகும். நாலு தடவை இப்படிச் செய்தால் பூச்சு போய்விடும். பிறகு துரு. பிறகு அடி மூட்டில் ஓட்டை. பிளீச்சிங் தண்ணீரும் இரும்புக்கு எதிரிதான். கொஞ்சம் மெதுவாகத் தின்னும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அலுமினியப் பாத்திரத்துக்கு ஆசிட்டும் ஆகாது, காரமும் ஆகாது. காஸ்டிக் சோடாவை அதில் கரைத்தால் பாத்திரமே கரையத் தொடங்கும். எவர்சில்வர் கெட்டியானது என்று பெயர். ஆனால் பிளீச்சிங் தண்ணீரை இரவு முழுவதும் அதில் வைத்தால், காலையில் ஊசி குத்தியது போலப் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருக்கும்.

இந்த வேலைக்கு ஏற்றது பிளாஸ்டிக் வாளி. அதிலும் எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒன்று அல்ல. வாளியைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். ஒரு முக்கோணம் இருக்கும். அதற்குள் ஓர் எண் இருக்கும். 2 அல்லது 5 என்று இருந்தால், வீட்டில் புழங்கும் அளவு பிளீச்சிங் தண்ணீரையும் தண்ணீர் கலந்த ஆசிட்டையும் அது தாங்கும். மண்ணெண்ணெய், பெயிண்டுக்குக் கலக்கும் தின்னர் இவற்றை அதில் ஊற்ற வேண்டாம். பிளாஸ்டிக் ஊறி இளகிவிடும்.

வாளி நன்றாக இருந்தாலும் அதன் கைப்பிடி பெரும்பாலும் இரும்புக் கம்பி. முதலில் போவது அதுதான். பிளீச்சிங் தண்ணீர் பட்டுப் பட்டு, காது மாட்டும் இடத்தில் துருப்பிடித்து மெலிந்திருக்கும். பதினைந்து லிட்டர் வாளியில் தண்ணீரே பதினைந்து கிலோ. மாடிப்படியில் தூக்கிக்கொண்டு போகும்போது கம்பி அறுந்தால் காலில் கொட்டுவது தண்ணீர் மட்டுமா? வாரத்துக்கு ஒரு தடவை கைப்பிடியைப் பார்ப்பது நல்லது.

பிளாஸ்டிக்குக்கு இன்னோர் எதிரி உண்டு. அது வெயில். மொட்டை மாடியில் மாதக்கணக்கில் காய்ந்த வாளி வெளுத்து, நொறுங்கத் தொடங்கும். வெளுத்த வாளியில் ஆசிட் பிடிக்கக்கூடாது. மெல்லிய கீறல் விழுந்த வாளியும் அப்படித்தான். கீறலுக்குள் தேய்க்கும் நார் போகாது, கிருமி போகும்.

பெயிண்ட் வந்த வாளியைப் பலர் பத்திரப்படுத்துகிறார்கள். தரை துடைக்க அது நல்ல வாளி. ஆனால் அதில் குடிதண்ணீர் பிடிப்பதும், இட்லி மாவு கரைப்பதும் கூடவே கூடாது. தொழிற்சாலையில் இருந்து வரும் நீல நிற டிரம்களுக்கும் இதே பேச்சுத்தான். உள்ளே முன்பு என்ன இருந்தது என்று விற்கிறவருக்கே தெரியாது.

டீக்கடை வாளி

இனிக் கிருமியின் கதை.

நல்ல சூழ்நிலை கிடைத்தால், குடலில் வாழும் ஒரு கிருமி இருபது நிமிடத்தில் இரண்டாகும். இரண்டு நாலாகும். இந்தக் கணக்கில் எட்டு மணி நேரத்தில் ஒரு கிருமி எத்தனை ஆகும் தெரியுமா? 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216! மாப்பு அலசிய தண்ணீரில் இவ்வளவு வேகம் இருக்காது. ஆனாலும் இரவு முழுவதும் வாளியில் ஊறும் மாப்பு கிருமிக்குப் பண்ணைதான். ஈரமும் அழுக்கும் அங்கே தயாராக இருக்கின்றன.

மருந்து போட்ட தண்ணீர்தானே என்று கேட்கலாம். அழுக்கு சேரச் சேர, பிளீச்சிங் மருந்தின் வலிமை அழுக்கோடு சண்டை போட்டே செலவாகிவிடும். கிருமியோடு சண்டை போட மிச்சம் இருக்காது. சூடோமோனாஸ் என்று ஒரு பொல்லாத கிருமி உண்டு. வலு இழந்த கிருமி மருந்துக்குள்ளேயே அது வளர்ந்ததை ஆஸ்பத்திரிகளில் கண்டிருக்கிறார்கள். தண்ணீர் கலங்கிய பிறகு அதே வாளியில் மாப்பை முக்கித் துடைப்பது, ஓர் அறையின் அழுக்கை வீடு முழுவதும் பூசுவதுதான்.

சாலை ஓரத்து டீக்கடையில் சில இடங்களில் இன்றும் ஒரு வாளி இருக்கிறது. குடித்த கிளாசை அதில் ஒரு முக்கு. எடுத்து அடுத்தவருக்கு டீ. அதற்குப் பெயர் கழுவுவது! பத்துப் பேர் வாய் வைத்த தண்ணீர் பதினோராவது ஆளின் கிளாசில் இருக்கும். பக்கத்திலேயே மேஜை துடைக்கும் துணி இன்னொரு வாளியில் ஊறும். வேலை மும்முரத்தில் இந்த வாளியும் அந்த வாளியும் மாறிப்போவதைப் பார்க்கலாம். குழாயில் ஓடும் தண்ணீரில் கழுவும் கடையைப் பார்த்து உட்காருவது புத்திசாலித்தனம்.

ஆஸ்பத்திரியில் மூன்று வாளி

பெரிய ஆஸ்பத்திரிகளில் தரை துடைக்கும் ஊழியர் ஒரு வண்டியில் மூன்று வாளி தள்ளிக்கொண்டு போவார். வேடிக்கைக்காக அல்ல.

முதல் வாளியில் சோப்புத் தண்ணீர். இரண்டாவதில் வெறும் தண்ணீர். மூன்றாவதில் கிருமி மருந்து. சோப்புத் தண்ணீரில் முக்கித் துடைத்த மாப்பை வெறும் தண்ணீரில் அலசிப் பிழிகிறார்கள். அழுக்கு இரண்டாவது வாளியிலேயே தங்கிவிடும். அழுக்குப் போன தரையில், கடைசியாக மருந்து. மருந்து வாளிக்குள் அழுக்கு மாப்பு போகவே போகாது. தண்ணீர் கலங்கினால் உடனே மாற்ற வேண்டும். ஓர் அறைக்கு முக்கிய மாப்பை அடுத்த நோயாளி அறைக்குக் கொண்டு போகக்கூடாது. இந்தியாவில் அரசாங்க ஆஸ்பத்திரிகளின் சுத்தத்துக்காக 2015-ம் ஆண்டில் தொடங்கிய "காயகல்ப்" திட்டத்திலும் மூன்று வாளி முறை இருக்கிறது.

இங்கிலாந்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2007-ம் ஆண்டில் ஆஸ்பத்திரி வாளிகளுக்கு நிறம் வகுத்தார்கள். கழிப்பறைக்கும் குளிக்கும் அறைக்கும் சிவப்பு. பொது இடங்களுக்கு நீலம். சமையல் அறைக்குப் பச்சை. தொற்று நோயாளியைத் தனியே வைத்த அறைக்கு மஞ்சள். வாளி மட்டும் அல்ல. மாப்பு, துணி, கையுறை எல்லாவற்றுக்கும் அதே நிறம். சமையல் அறையில் சிவப்பு வாளியைக் கண்டால், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் உடனே தப்புத் தெரிந்துவிடும்.

பாத்திரத்தைப் பிரித்து வைப்பது நமக்குப் புதிது அல்ல. சாணி கரைக்கும் வாளி தனி, கழுநீர்ப் பானை தனி, குடிதண்ணீர்க் குடம் தனி என்று கிராமத்து வீடுகளில் வைத்திருந்தார்கள். நல்ல பழக்கம். ஆனால் அதே ஊர்களில் மனிதருக்கு மனிதர் குவளையைப் பிரித்து வைத்த கொடுமையும் நடந்தது. சில டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது. கிருமிக்குச் சாதி தெரியாது. பிரிக்க வேண்டியது வேலையை, ஆளை அல்ல.

இரண்டு வாளி உள்ள வீட்டில் என்ன செய்வது?

எல்லா வீட்டிலும் நாலு நிறத்தில் வாளி வாங்க முடியாது. இரண்டு இருந்தால் போதும். ஒன்று கக்கூசுக்கும் குளிக்கும் அறைக்கும். அது வெளியே வரக்கூடாது. மற்றொன்று வீட்டுக்கு. துணி ஊற வைப்பதும் குளிப்பதும் இந்த இரண்டிலும் வேண்டாம். அதற்கு என்று இருக்கும் வாளி அதற்கே.

ஒரே நிறமாக இருந்தால், விளிம்பைச் சுற்றிப் பெயிண்டால் ஒரு வளையம் போடலாம். "க" என்று பெரிதாக எழுதினால் கக்கூஸ் வாளி. "வீ" என்றால் வீட்டு வாளி. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்தால் சந்தோஷமாக எழுதிக் கொடுக்கும். வாளிக்குள் கிடக்கும் மக்கிலும் எழுத மறக்கக் கூடாது. வாளியைப் பிரித்துவிட்டு மக்கை மாற்றி மாற்றிப் புழங்குகிற வீடுகள்தான் அதிகம்.

துடைப்பதில் ஒரு வரிசை உண்டு. முதலில் சமையல் அறை. பிறகு கூடம், படுக்கும் அறை. கடைசியில் வாசல். வரிசை திரும்பினால் வாசல் அழுக்கு சமையல் அறைக்கு வரும்.

பிளீச்சிங் பவுடர் எவ்வளவு? கைக்கணக்கு வேண்டாம். கடையில் கிடைக்கும் நல்ல பவுடரில் நூற்றுக்கு முப்பது பங்கு அளவில் குளோரின் இருக்கும். சாதாரணமாகத் தரை துடைக்கப் பத்து லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் போதும். ரத்தம் சிந்திய இடத்துக்கு அதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 150 கிராம் வேண்டும். தூளைக் கரைத்துத் தெளிய விட்டு, தெளிந்த தண்ணீரைப் பயன்படுத்த வேண்டும். தரையில் பத்து நிமிடம் ஈரமாக நிற்க வேண்டும். வெந்நீரில் கலக்கக்கூடாது. இன்று கரைத்தது இன்றைக்கு மட்டுமே. நாளைக்கு அதில் வலிமை இருக்காது. மூட்டையைத் திறந்து போட்டால் தூளும் வலிமை இழக்கும்.

ஆசிட்டைக் கலக்கும்போது முதலில் வாளியில் தண்ணீர். அதில் மெதுவாக ஆசிட். மாற்றி ஊற்றினால் மேலே தெறிக்கும். ஆசிட் புழங்கிய அன்று பிளீச்சிங் பவுடரைத் தொடாமல் இருப்பதே மேல். வேலை முடிந்ததும் வாளியை இரண்டு மூன்று தடவை நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். பிறகு சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். அதன் பிறகு கவிழ்த்து, நிழலில் காய வைக்க வேண்டும். காய்ந்த வாளியில் கிருமி பெருக முடியாது. நிமிர்த்தி வைத்தால் அடியில் ஈரம் நிற்கும்.

மிச்சம் இருக்கும் மருந்துத் தண்ணீரை "நாளைக்கு ஆகும்" என்று மூலையில் வைக்காதீர்கள். நடக்கப் பழகும் குழந்தை வாளியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும். தலைகுப்புற விழுந்தால் எழுந்திருக்கத் தெரியாது. சில அங்குலத் தண்ணீரே போதும். ஆசிட்டைக் கூல்டிரிங் பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கமும் பல வீடுகளில் இருக்கிறது. தாகத்தோடு ஓடி வரும் பிள்ளை பாட்டிலைத்தான் பார்க்கும், மோந்து பார்க்காது. ஆசிட்டைச் சில்லறையாக விற்பதற்கே 2013-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு கட்டுப்பாடு விதித்தது. பெண்கள் மேல் ஆசிட் வீசும் கொடுமையைத் தடுப்பதற்காக வந்த உத்தரவு அது. பெயர் ஒட்டாத பாட்டிலில் தெருவில் வரும் ஆசிட்டை வாங்காமல் இருப்பது எல்லா வகையிலும் நல்லது.

இந்த வேலையை வீட்டில் செய்வது பெரும்பாலும் பெண்கள். வெளியே செய்வது துப்புரவுத் தொழிலாளர்கள். மருந்து வாங்க ஆயிரக்கணக்கில் செலவு செய்யும் சில முதலாளிகள், ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கிக் கொடுக்கக் கணக்குப் பார்க்கிறார்கள். எது ஆசிட், எது பிளீச்சிங் என்று ஊழியருக்குச் சொல்லிக் கொடுக்கக் காசு கூடத் தேவை இல்லை. வீட்டு வேலைக்கு வரும் அம்மாளிடம் இரண்டு பாட்டிலையும் ஒரு வாளியையும் கொடுத்து "சீக்கிரம் முடி" என்று சொல்கிறவர்களும் முதலாளிகள்தான்.

புகை வந்துவிட்டால்?

வாளியில் திடீரென்று நுரை பொங்கி நெடி அடித்தால், அதைக் கொட்டப் பார்க்க வேண்டாம். தண்ணீரையோ வேறு மருந்தையோ அதில் ஊற்றி "முறிக்க"வும் வேண்டாம். வாளியை அப்படியே விட்டுவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். வருகிற வழியில் கதவைத் திறந்து விடலாம். தெருவுக்கோ மொட்டை மாடிக்கோ, காற்று வரும் இடத்துக்குப் போக வேண்டும். மருந்து பட்ட துணியைக் களைந்துவிட வேண்டும். கண்ணில் எரிச்சல் இருந்தால் சுத்தமான தண்ணீரால் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். உள்ளே யாராவது மயங்கிக் கிடந்தால், பதறிக்கொண்டு உள்ளே ஓடினால் இரண்டு பேராகிவிடும். உடனே 108-க்குப் போன் செய்து, தீயணைப்புப் படையையும் அழைக்க வேண்டும்.

இருமல் நிற்கவில்லை, நெஞ்சு இறுக்குகிறது, மூச்சு இரைக்கிறது என்றால் காத்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். என்னென்ன மருந்து கலந்தது என்று டாக்டர் கேட்பார். பாட்டில் வெளியே இருந்தால் கையோடு கொண்டு போகலாம். உள்ளே இருந்தால், அதை எடுப்பதற்காக மறுபடியும் போக வேண்டாம். பெயரைச் சொன்னால் போதும்.